வீட்டுக்கு மேல் ஆட்டக்காரிகள்

ஓஸ்லா அண்ணியைப் பற்றி எழுதித் தரச் சொன்னவர்கள் எல்லோரும் அவருடைய படங்களைப் பற்றித்தான் கேட்டார்கள். எந்த லென்ஸ், எத்தனை நொடி, எந்தப் பாறையில் நின்று எடுத்தார். எனக்கு அதெல்லாம் சரியாகத் தெரியாது. விமானத் திடலில் மேயும் ஆடுகளை விரட்டிவிட்டு விமானத்தை இறக்குவது, தீயணைப்பு வண்டியின் பேட்டரி செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது, கொட்டகையில் தொலைபேசி அடித்தால் எடுப்பது, இவைதான் முப்பத்தைந்து வருடமாக என் வேலை. அந்தக் கடைசி வேலையை ஒரே ஒரு தடவை கெடுத்தேன். அதை விட்டுவிட்டு அண்ணியைப் பற்றி எழுதினால் நான் எழுதுவது முழுப் பொய்.

அண்ணி போன ஏப்ரலில் இறந்துவிட்டார். எழுபத்தொன்பது வயது.

அவர் எங்கள் ஃபூலாத் தீவில் பிறந்தவர் அல்ல. ஷெட்லாண்டின் பெரிய தீவில், எங்கள் படகு போய் நிற்கும் வாலஸ் துறையைச் சேர்ந்தவர். கிப்பி அண்ணன் படகில் ஆட்டுக்குட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் துறையில் நின்று கேலி செய்த பெண்ணைத்தான் கட்டிக்கொண்டு வந்தார். வந்த முதல் டிசம்பரில் நடந்த கதையைத் தீவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். இருபத்தைந்தாம் தேதி காலையில் அண்ணி நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, கேக் சுட்டு வைத்து, ஆட்டுத் தொடையை அடுப்பில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். கிப்பி அண்ணன் வேலி கட்டப் போனவர் இருட்டிய பிறகு சேற்றுக் காலோடு வந்து நின்றார்.

"என்ன இன்னைக்கு வாசனை தூக்குது? யாருக்குக் கல்யாணம்?"

அண்ணி அழுதுவிட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் லண்டனில் உட்கார்ந்திருந்தவர்கள் நாட்காட்டியிலிருந்து சில நாட்களை வெட்டி எறிந்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நாங்களும் கொடுக்கவில்லை. எங்களுக்கு யூல் என்கிற கிறிஸ்துமஸ் ஜனவரி ஆறு, புது வருஷம் ஜனவரி பதிமூன்று. உலகமே வாண வேடிக்கை விடும் ஒன்றாம் தேதி எங்களுக்குச் சாணி அள்ளுகிற சாதாரண நாள். இரண்டு வருடத்தில் அண்ணி எங்களைவிடக் கறாராகிவிட்டார். டிசம்பர் இருபத்தைந்தில் அவருடைய தங்கை தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னால், "பன்னெண்டு நாள் கழிச்சுக் கூப்பிடு, இப்ப துணி துவைக்கிறேன்" என்று வைத்துவிடுவார்.

படம் எடுக்கும் பைத்தியம் அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் பிடித்தது. பறவைகளை எண்ண வந்து அவர்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்கத் தங்கியிருந்த ஒருவர், போகும்போது பழைய கேமரா ஒன்றைச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அண்ணி முதலில் கோழிகளை எடுத்தார். பிறகு குதிரைக் குட்டிகளை எடுத்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் ஒரு நாள் மாலை வடக்கே வானம் பச்சையாக அசைய ஆரம்பித்தது. அந்தத் துருவ ஒளிக்கு எங்கள் தீவில் ஆட்டக்காரிகள் என்று பெயர். "ஆட்டக்காரிங்க வந்துட்டாளுங்க" என்று சொன்னால் சின்னக் குழந்தைக்கும் புரியும். அண்ணி கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஒரு சுருள் முழுக்க எடுத்தார். கழுவி வந்ததைப் பார்த்தால் முப்பத்தாறும் கறுப்பு.

"நிலக்கரிக் குழிய நல்லாத்தான் எடுத்திருக்க" என்றார் கிப்பி அண்ணன்.

அடுத்த தடவை வேலிக் கம்பத்தில் கேமராவைக் கட்டி வைத்து எடுத்தார். அதற்கடுத்த வருடம் ட்ரைபாட் வாங்கினார். எங்கள் காற்றில் ட்ரைபாட் மட்டும் நின்றுவிடுமா? அதன் நடுவில் சாக்கைத் தொங்கவிட்டுக் கல்லைப் போட்டு நிரப்புவது கிப்பி அண்ணன் வேலை. குளிரில் பேட்டரி செத்துவிடும் என்பதால் இரண்டு பேட்டரிகளை அண்ணி உள்சட்டைக்குள் மார்போடு வைத்திருப்பார். கடல் தெறிப்பு லென்ஸில் உப்பாகப் படிந்துவிடும். அதைத் துடைக்க அண்ணனுடைய பழைய பனியன்கள்தான் ஒத்துவரும் என்று சொல்லி, நல்ல பனியனைக்கூடப் பழசாக்கிவிடுவார்.

ஷட்டர் திறந்திருக்கும் நொடிகளை எண்ணுவதும் அண்ணன்தான். பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுவார். அவர் எண்ணுவதைக் கேட்க நானே சில நாள் போயிருக்கிறேன்.

"ஒம்பது, பத்து, பதினொண்ணு, அந்தக் கறுப்பு ஆடு நொண்டுது பாத்தியா, பன்னெண்டு, நாளைக்குக் குளம்பைச் சீவணும், பதிமூணு..."

"கிப்பி! ஆட்டை விடு, எண்ணிக்கைய விடாத!"

"ஆடும் எண்ணிக்கைதான்டி."

ஒவ்வொரு ஆட்டுக்கும் படம் இரண்டு நொடி கூடுதலாக வெளுத்துப்போகும். பிறகு நொடியைத் தானே எண்ணும் கேமரா வந்தது. அப்போதும் அண்ணன் கூடவே போய் எண்ணினார். அண்ணி வேண்டாமென்று சொல்லவில்லை.

அண்ணிக்கு ஒரு வெறி உண்டு. படத்தில் மனிதன் போட்ட வெளிச்சம் எதுவும் விழக் கூடாது. ஆட்டக்காரிகள் வந்துவிட்டால் தெற்குக் கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டு விளக்கை அணைக்கச் சொல்வார். முப்பது பேர் உள்ள தீவு முழுக்க இருட்டில் உட்கார்ந்திருக்கும். என் கொட்டகை வாசல் விளக்குக்காக என்னோடு எத்தனை சண்டை!

"ஏன்டா ஜீம்சி, இந்த நேரத்துல உன் விளக்கப் பாத்து எது வந்து எறங்கப் போகுது? திமிங்கிலமா?"

"அது விதி அண்ணி. எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கணும்."

"விதிமேல ஒரு வாளியக் கவுத்து வை."

வைத்தேன். அந்தப் படங்கள்தான் இன்றைக்குப் பல ஊர்ச் சுவர்களில் தொங்குகின்றன. மலை, கடல், வானம், வேறு ஒன்றும் இல்லை. இங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்றே அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கிப்பி அண்ணனுக்கு எழுபது வயதான வருடம் நவம்பர் கடைசியில் உடம்பு மஞ்சளாகிவிட்டது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போனது. ஈரலில் கட்டி. அபர்டீன் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். வெட்டி எடுக்க முடியாது, ஆனால் வசந்தம்வரை இருப்பார் என்று சொன்னார்கள். அண்ணி மூன்று வாரம் அங்கேயே, அவர் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் கிடந்தார். டிசம்பர் பதினெட்டாம் தேதி அண்ணனே அவரை வீட்டுக்கு அனுப்பினார். ஏன் என்று விமானத்திலிருந்து இறங்கியதுமே அண்ணி என்னிடம் சொன்னார்.

"வீட்டைப் பாக்கணுமாம்டா. வர முடியாதுன்னு அவனுக்கே தெரியும். 'முப்பது வருஷமா வானத்தையே எடுக்கிற. நம்ம வீட்ட ஒரு தடவையாவது எடுத்தியா? சமையலறை ஜன்னல்ல விளக்கு எரியணும், மேல ஆட்டக்காரிங்க இருக்கணும். அத எடுத்துக்கிட்டு வா, பாத்துட்டுப் போறேன்'னு சொல்றான்."

"எடுத்துடலாம் அண்ணி."

"எடுத்திருக்கலாம்ல? எத்தனை நாள் இருந்துச்சு? ஒரு தடவ எடுத்திருக்கலாம்ல?"

அன்றைக்கு இரவே மேற்கிலிருந்து புயல் ஏறியது. பதினோரு நாள் அடித்தது. படகை நீரிலிருந்து தூக்கிக் கரையில் கட்டிவிட்டோம், விமானம் கிடையாது, வானம் என்ற ஒன்றே கண்ணில் படவில்லை. தெற்குக் கோடியில் தொலைபேசிக் கம்பம் விழுந்து அண்ணியின் வீட்டு இணைப்புப் போய்விட்டது. அவர் தினமும் நான்கு மணிக்கு வாசலில் நின்று மேகத்தைத் திட்டிவிட்டு உள்ளே போவார். கேமரா கழற்றாமல் ட்ரைபாட்டிலேயே நின்றது.

இருபத்தெட்டாம் தேதி பகலில் கொட்டகைத் தொலைபேசி அடித்தது. மருத்துவமனையிலிருந்து ஷோனா என்ற செவிலி.

"அவங்க வீட்டு நம்பர் கிடைக்கவே மாட்டேங்குது. நீங்க தகவல் சொல்ல முடியுமா?"

"சொல்றேன்."

"நிலைமை நாங்க நினைச்சதைவிட வேகமா இறங்குது. புது வருஷத்துக்கு முன்னாடி அவங்க வந்துட்டா நல்லது. அதுக்கு மேல எங்களால எதுவும் சொல்ல முடியாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

புரிந்தது என்று சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவர் நாட்காட்டியைப் பார்த்தேன். யூலுக்கு ஒரு வட்டம், புது வருஷத்துக்கு ஒரு வட்டம், என் கையாலேயே போட்டவை. இன்னும் பதினாறு நாள். அப்பாடா, நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். வெளியூர்ப் பெண் ஒருத்தி புது வருஷம் என்று சொன்னால் அது எந்தப் புது வருஷம் என்று மூன்று வயதுப் பிள்ளை கேட்டிருக்கும். டிசம்பரில் விமானிகளுக்கு "உங்க புது வருஷ வாழ்த்து" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவன் நான். இரண்டு கணக்கும் தெரிந்தவன். ஆனால் பேச்சு கிப்பி அண்ணனைப் பற்றியது. அண்ணன் எங்கள் ஆள். எங்கள் ஆளைப் பற்றிய பேச்சில் வரும் புது வருஷம் எங்கள் புது வருஷமாகத்தான் என் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணின் குரலில் இருந்த அவசரம் ஒரு வினாடி உறுத்தியது. காற்று பலமாக இருந்தது, தெற்குக் கோடிக்கு நடக்க வேண்டும், அந்த எரிச்சலில் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவள் சொன்ன சொல்லையே அண்ணியிடம் சொன்னேன்.

"புது வருஷத்துக்கு முன்னாடி வந்துடச் சொன்னாங்க அண்ணி. அதுக்கு மேல தாங்க மாட்டாராம்."

அண்ணி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையை மாவிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"வசந்தம்னாங்களே."

"இப்ப இப்படிச் சொல்றாங்க."

"பதினாறு நாள்" என்றார். அவரும் எண்ணியிருந்தார். "பதினாறு நாள்ல ஒரு நாளாவது வானம் தொறக்காதா? தொறக்கும்."

முப்பதாம் தேதி காற்று அடங்கியது. விமானம் வந்தது. அண்ணி நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு பையோடு வந்துவிட்டார். படம் இல்லாமலே போவது என்று ராத்திரி முடிவு செய்தாராம். பையை நான்தான் விமானத்துக்குள் வைத்தேன். அவர் ஒரு காலைப் படியில் வைத்தார். வடமேற்கே மேகம் கிழிந்து ஒரு துண்டு நீலம் தெரிந்தது. படியிலிருந்தபடியே அதைப் பார்த்தார்.

"ஜீம்சி, நிச்சயமாப் புது வருஷம்னுதானே சொன்னாங்க?"

"ஆமா அண்ணி."

"வெறுங்கையோட போய் நின்னா மூஞ்சியத் திருப்பிக்குவான்."

"யூல் முடிஞ்சு போனாக்கூட நாள் இருக்கு அண்ணி. வானம் வேற தெளியுது."

இதை நான்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட ஏறியிருப்பார்.

விமானி திரும்பிப் பார்த்தார். "ஏறுறீங்களா அம்மா, இல்லையா?"

அண்ணி காலை எடுத்துக்கொண்டார். பையை நானே இறக்கினேன். கை காட்டி விமானத்தை அனுப்பினேன். முப்பத்தொன்றில் விமானம் கிடையாது, ஒன்றாம் தேதியும் இரண்டாம் தேதியும் அவர்களுக்கு விடுமுறை. அடுத்த விமானம் மூன்றாம் தேதி.

முப்பத்தொன்றும் ஒன்றும் மேகம்தான். இரண்டாம் தேதி மாலை மூன்றரைக்கு இருட்டியபோது வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஐந்து மணிக்கு அண்ணியின் பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரில் வந்து என் கதவைத் தட்டினார். "ஆட்டக்காரிங்க வந்துட்டாளுங்க. அண்ணி உன்ன வரச் சொல்லுது, உடனே."

என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று போன பிறகுதான் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க வெளிச்சத்தை விரட்டியவருக்கு இப்போது வெளிச்சம் வேண்டும், ஆனால் அளவாக வேண்டும். வானத்துக்கு எட்டு நொடி தேவை. ஜன்னல் விளக்கு எட்டு நொடி எரிந்தால் வீடே வெள்ளைத் திட்டாகிவிடும். அதனால் நான் சமையலறையில் உட்கார்ந்து, அவர் கத்தும்போது விளக்கைப் போட்டு, மறுபடி கத்தும்போது அணைக்க வேண்டும்.

"ஆட்டக்காரிங்களப் பாக்க எட்டிப் பாத்த, கைய ஒடிச்சிடுவேன். விளக்கப் பாரு."

கிப்பி அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு நாற்காலியிலிருந்து விளக்குச் சொடுக்கி எட்டாது. வெளியிலிருந்து அண்ணியின் குரல் வரும். "போடு! அணை! போடுடா! அணை!" நடுவில் சத்தமாக எண்ணுவதும் கேட்டது. தானே எண்ணும் கேமராவை வைத்துக்கொண்டு அவர் ஏன் எண்ணினார் என்று நான் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படிச் செய்தோம். வானத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சமையலறைத் தரையில் அவ்வப்போது பச்சை நிறம் வந்து போனது.

உள்ளே வந்தபோது அண்ணியின் புருவமெல்லாம் உறைந்திருந்தது. முகம் பூரித்திருந்தது.

"கிடைச்சிடுச்சுடா. கிடைச்சிடுச்சு." என் கன்னத்தில் அறைவதுபோலத் தட்டினார். "நாளைக்கு விமானத்துல இடம் போட்டு வை."

உப்புக்கண்டச் சூப்பைச் சூடாக்கி எனக்கும் ஊற்றினார். அவர் சாப்பிட்டதை நான் பார்த்து ஒரு மாதமாகியிருந்தது.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. அதே ஷோனா. காலை ஆறேகாலுக்குக் கிப்பி அண்ணன் போய்விட்டார் என்று சொன்னாள்.

நான் முட்டாள்போல, "இன்னும் பத்து நாள் இருக்கே" என்றேன்.

"எதுக்கு?"

"புது வருஷத்துக்கு."

அவள் மெதுவாகச் சொன்னாள். "எங்க புது வருஷம் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. முப்பத்தொண்ணாம் தேதி நாள் முழுக்க அவர் மனைவிக்காகக் காத்திருந்தார். நீங்க தகவல் சொல்லலையா?"

சொன்னேன் என்று சொல்வதா, சொல்லவில்லை என்று சொல்வதா? அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தீவு முழுக்க நாங்கள் எங்கள் கணக்கில் இருந்தோம். மருத்துவமனையில் புது வருஷக் காகிதத் தோரணம் கட்டிய கூடத்தில் படுத்திருந்த கிப்பி அண்ணன், அறுபத்தொன்பது வருடமாக ஒன்றாம் தேதியை மதிக்காத மனிதர், அந்த ஒரு தடவை அவர்கள் கணக்கில் காத்திருந்திருக்கிறார். எங்களில் சரியாக எண்ணியவர் அவர் ஒருவர்தான்.

தொலைபேசியை வைத்துத் திரும்பினேன். அண்ணி கொட்டகை வாசலில் நின்றார். அதே நீலக் கோட்டு. தலை வாரியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கேமராவைப் பையிலிருந்து எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மொதல்ல இதப் பாரு."

பார்த்தேன். பின்னால் திரையில் அந்த வீடு. கூரைக்கு மேலே பச்சைத் திரை மூன்று மடிப்பாகத் தொங்கி அடியில் சிவந்திருந்தது. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். வெளிச்சத்துக்குள் ஒரு ஆளின் நிழல்.

"ஜன்னல்ல நீதான்டா. கிப்பி உக்காந்திருக்கிற மாதிரியே இல்ல? 'என் நாற்காலில எவன் உக்காந்திருக்கான்'னு கத்தப் போறான் பாரு." சிரித்தார். "எப்படி இருக்கு? சொல்லேன்."

"நல்லா இருக்கு அண்ணி" என்றேன். அதன் பிறகு மற்றதைச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கேமராவை அணைத்தார். லென்ஸ் மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது, ஆனாலும் கோட்டுப் பை, தோள் பை எல்லாவற்றிலும் தேடினார். நான் அவர் விரல்களைப் பிரித்து மூடியை எடுத்து லென்ஸில் பொருத்தினேன். விமானம் வந்து இறங்கியது. அவர் அதில் ஏறிப் போனார், உடலை வாங்கி வர.

ஒன்பதாம் தேதி படகில் பெட்டி வந்தது. பத்தாம் தேதி புதைத்தோம். பதிமூன்றாம் தேதி எங்கள் புது வருஷம். அன்றைக்கு வழக்கமாகத் தீவு முழுக்க ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவோம். அண்ணியின் வீட்டுக்கு எப்படிப் போவது என்று எல்லோரும் தயங்கினார்கள். நான் ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு போனேன். என் மேல் தப்பு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

அண்ணி இரண்டு கிளாஸ் எடுத்து வைத்தார். அவரே ஆரம்பித்தார்.

"எந்தப் புது வருஷம்னு கேட்டியா ஜீம்சி?"

"கேக்கல அண்ணி."

"நானும் உன்னக் கேக்கல. நான் வாலஸ்காரி. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

இரண்டு கிளாஸிலும் ஊற்றினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் பொண்ணு உங்கிட்டதான பேசிச்சு. என்னத் தேடினானா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பத்து நாளில் இருபது வயது ஏறியிருந்தது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்ல அண்ணி. அண்ணன் நம்ம கணக்குலதான் இருந்தாராம். 'எங்க புது வருஷம் பதிமூணாம் தேதி. அதுக்கு ரொம்ப நாள் இருக்கு, அவ வந்துடுவா'ன்னு சிரிச்சாராம். தூக்கத்துலயே போயிட்டாராம்."

"அப்படியா சொன்னான்?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"அவன் நம்ம ஆளு" என்றார் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளாஸை எடுத்தார். என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தப் பொய்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்தப் படத்தை அவர் ஒரு நாளும் விற்கவில்லை. இரண்டே பிரதிதான் போட்டார். ஒன்று அவர் வீட்டுச் சுவரில். இன்னொன்று அந்த மருத்துவமனைக் கூடத்துக்கு, அண்ணனைப் பார்த்துக்கொண்டதற்காக. படம் எடுப்பதையும் அவர் விடவில்லை. எழுபத்தெட்டு வயதிலும் கல் நிரப்பிய சாக்கைத் தானே இழுத்துக்கொண்டு போனார். கோடையில் வரும் வெளியூர்க்காரர்கள் சுவரில் உள்ள படத்தைப் பார்த்து, "ஜன்னல்ல யாரு?" என்று கேட்பார்கள். "என் வீட்டுக்காரன்" என்பார். நான் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்.

போன ஜூனில் வாலஸிலிருந்து அவருடைய தங்கை மகள் வந்தாள். இருவருமாக வீட்டை ஒழித்தோம். கேமராப் பையில், லென்ஸ் துடைக்கும் பனியன் துணிகளுக்கு அடியில், ஒரு கடிதம் இருந்தது. ஷோனா எழுதியது. அண்ணன் இறந்த அந்த ஜனவரி மாதம் இருபத்தொன்பதாம் தேதி போட்டது. அந்த நாட்களில் தபால் பையை விமானத்திலிருந்து இறக்கி வீடு வீடாகக் கொடுத்தவன் நான்தான். இதையும் என் கையால்தான் அண்ணியிடம் கொடுத்திருப்பேன்.

படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம், மிகவும் நன்றி என்று தொடங்கியது. நல்ல பெண். மனைவிக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். முப்பத்தொன்றாம் தேதி காலையிலேயே தன்னைச் சவரம் செய்துவிடச் சொன்னாராம். கட்டிலைக் கதவுப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாராம். உங்கள் தீவில் புது வருஷம் வேறு நாளாமே, அவர்களுக்குக் குழப்பம் வராதா என்று இவள் கேட்டதற்கு, "மத்தவங்களுக்கு வரும். ஓஸ்லா உங்க பக்கத்துப் பொண்ணு. அவளுக்குத் தெரியும்" என்றாராம். நடு இரவில் ஊரில் வாணம் வெடிக்கும் சத்தம் கேட்டபோது விழித்துத்தான் இருந்தாராம். அதன் பிறகு கட்டிலைப் பழையபடி திருப்பிவிடச் சொன்னாராம்.

கடிதத்தின் மடிப்புகள் கிழிந்து, உள்ளே ஒட்டுத்தாள் போட்டு ஒட்டியிருந்தது. அத்தனை தடவை பிரித்திருக்கிறார்.

அந்தக் கடிதம் வந்த பிறகு எங்களுக்குப் பன்னிரண்டு புது வருஷங்கள் போயின. ஒவ்வொரு ஜனவரி பதிமூன்றும் நான் புட்டியோடு போவேன். அவர் இரண்டு கிளாஸ் எடுத்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"கிப்பி நம்ம கணக்குலதான இருந்தான், இல்ல ஜீம்சி?"

"ஆமா அண்ணி" என்பேன். நான் அதைச் சொல்லி முடிக்கும்வரை என் கையை விடமாட்டார்.